பேரிடரால் பிழைத்தவன்

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலையில் தமிழ்நாட்டுக் கடற்கரையில் சுமார் 8,000 பேர் இறந்தார்கள். அவர்களில் 6,000 பேருக்கு மேல் நாகப்பட்டினம் மாவட்டத்தைச் சேர்ந்தவர்கள். அப்போது நான் பொது நிர்வாகவியல் விரிவுரையாளர். பஞ்சாயத்து ராஜ் என் ஆய்வுப் பொருள். 73ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தைப் பற்றிக் கட்டுரை எழுதாதவர் அந்த நாட்களில் எங்கள் துறையில் யாருமில்லை. நானும் கூட்டத்தோடு கோவிந்தா போட்டுக்கொண்டிருந்தேன். சுனாமி வந்தது. எனக்கு ஒரு தலைப்புக் கிடைத்தது.

இப்படி எழுதக் கை கூசத்தான் செய்கிறது. ஆனால் நடந்தது அதுதான். அடுத்து வந்த ஆண்டுகளில் இணைப் பேராசிரியர் ஆனேன், பேராசிரியர் ஆனேன், துறைத் தலைவரும் ஆனேன். மேடைகளில் ‘பேரிடர் மேலாண்மை வல்லுநர்’ என்று அறிமுகப்படுத்திப் பொன்னாடை போர்த்தினார்கள். பணியில் இருந்தவரை இதையெல்லாம் சொல்லும் தைரியம் எனக்கு வரவில்லை. ஓய்வூதியம் உறுதியான பிறகுதான் வந்தது. அதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

சுனாமிக்கு அடுத்த கோடையில் என் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு நாகப்பட்டினத்தை ஒட்டிய அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம் பக்கம் போனேன். கையில் ஒரு வினாப்படிவம். ஆங்கிலத்தில் தயாரித்து, அவசரமாகத் தமிழாக்கியது. சுனாமிக்கு முன் மாத வருமானம் எவ்வளவு, பின் எவ்வளவு, நிவாரணப் பணியில் உங்களுக்குத் திருப்தியா? மிகவும் திருப்தி, திருப்தி, சொல்ல இயலாது, அதிருப்தி, மிகவும் அதிருப்தி. பிள்ளைகளைப் பறிகொடுத்த ஒரு பெண்ணிடம் என் மாணவி இந்த ஐந்தையும் வாசித்துக் காட்டி, ஒன்றைச் சொல்லுங்கள் என்றாள். “நீயே ஒண்ணு போட்டுக்கம்மா” என்றார் அவர். மாணவி ‘சொல்ல இயலாது’ என்பதில் டிக் அடித்தாள். பிறகு நான் வெளியிட்ட அட்டவணையில் அந்த டிக்கும் ஒரு சதவீதமாக உட்கார்ந்திருக்கிறது.

அதைவிட மோசமானது ஒன்று உண்டு. தற்காலிகக் குடியிருப்புகளில் இருந்தவர்கள் எங்களை நிவாரணக் கணக்கெடுக்க வந்தவர்கள் என்று நினைத்துக்கொண்டார்கள். ரேஷன் கார்டும் கையுமாக ஓடி வந்தார்கள். எங்கள் பெயர் விட்டுப்போச்சு, எழுதிக்குங்க என்றார்கள். இது கல்வி ஆய்வு, இதனால் உதவி எதுவும் கிடைக்காது என்று படிவத்தின் தலைப்பில் ஒரு வரி இருந்தது. அதைப் படித்துக் காட்டாதீர்கள் என்று நான் மாணவர்களிடம் சொன்னதில்லை. படித்துக் காட்டச் சொன்னதுமில்லை. காட்டினால் எழுந்து போய்விடுவார்கள் என்பது எனக்குத் தெரியும். அப்படிச் சேர்ந்த தரவிலிருந்து பல கட்டுரைகள் எழுதினேன். ஒன்றுகூடத் தமிழில் இல்லை. ஒரு பிரதிகூட அந்த ஊர்களுக்குப் போகவில்லை.

என் குறிப்பேட்டில் இருந்தவை நல்ல சரக்குத்தான். அலை வந்த நேரத்தில் கடலுக்குள் வெகுதூரத்தில் இருந்த ஆண்கள் பலர் எதுவும் தெரியாமலே தப்பினார்கள். மீனுக்காகக் கரையில் நின்ற பெண்களும் மணலில் விளையாடிய பிள்ளைகளும் போனார்கள். படகும் வலையும் வைத்திருந்தவர்கள் நிவாரணப் பட்டியலில் முதலில் ஏறினார்கள். கூலிக்கு மீன் சுமந்தவர்கள், கழிமுகத்தில் கையால் இறால் பிடிக்கும் இருளர்கள், பக்கத்து ஊர் தலித் விவசாயக் கூலிகள் பல இடங்களில் பட்டியலுக்கு வெளியே நின்றார்கள். ஊர்ப் பஞ்சாயத்தார் வழியாகப் பொருள் பங்கிட்ட இடங்களில் ஆண் துணை இல்லாத வீடுகள் கடைசியாகத்தான் வரிசைக்கு வந்தன. எழுத உட்கார்ந்தபோது இதெல்லாம் ‘சமூகப் பங்கேற்பு’ என்ற உபதலைப்புக்குள் கரைந்து போனது. எங்களை ஊருக்குள் விட்டவர்களே அந்தப் பஞ்சாயத்தார்தான். மறுபடி போக வேண்டியிருந்தது.

வீடுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2005 மார்ச் 30 அன்று வருவாய்த் துறையின் அரசாணை 172 வந்தது. கடல் ஏறிவரும் எல்லையிலிருந்து 200 மீட்டருக்குள் இருந்தவர்கள் அப்பால் போகச் சம்மதித்தால் புது வீடு; பழைய மனையை அரசிடம் ஒப்படைத்துவிட வேண்டும். போக மறுப்பவர்கள் இருக்கலாம், தங்கள் வீட்டைத் தாங்களே பழுது பார்த்துக்கொள்ளலாம், அரசு உதவி கிடையாது. ஒரு மீனவர் என்னிடம், “கடலைப் பாக்காம எப்படிங்க தொழிலுக்குப் போறது?” என்று கேட்டார். விடியற்காலையில் வாசலில் நின்று காற்றையும் நீரோட்டத்தையும் தண்ணீரின் நிறத்தையும் பார்த்துத்தான் அன்றைக்குப் படகு இறக்குவதா வேண்டாமா என்று முடிவு செய்கிறார்கள். போதாததற்கு, கரையில் விட்டுவந்த இன்ஜினுக்கும் வலைக்கும் யார் காவல்? அவர் ஒரு நிர்வாகக் கேள்வியைத்தான் கேட்டார். என் துறைக்குள் நேராக வரும் கேள்வி. நான் கட்டுரையில் எழுதியது இது: இடம்பெயர்வின் அவசியம் குறித்து மக்களிடம் போதிய விழிப்புணர்வு இல்லை.

2005 ஆகஸ்டில் கத்ரீனா புயல் நியூ ஆர்லியன்ஸை மூழ்கடித்தது. அமெரிக்காவில் பேரிடர் நிர்வாகம் பற்றிய எழுத்து மலைபோலக் குவிந்தது. எனக்கு நல்ல காலம். கார்ட்டர் காலத்தில், 1979இல் ஃபீமா என்ற அவர்களுடைய பேரிடர் முகமை எப்படி உருவானது, லூசியானா ஆளுநருக்கும் வாஷிங்டனுக்கும் எங்கே முட்டிக்கொண்டது என்று அரை மணி நேரம் குறிப்பில்லாமல் பேசுவேன். எங்கள் தாலுகாவில் மழைமானியைத் தினமும் காலையில் பார்த்துக் குறிப்பது யார் என்று கேட்டிருந்தால் முழித்திருப்பேன். வெளிநாட்டு நூல்களை மேற்கோள் காட்டினால் வெளிநாட்டு இதழ்களில் கட்டுரை ஏறியது. தாசில்தார் சொன்னதை மேற்கோள் காட்டினால் ‘ஆதாரம் போதாது’ என்று திரும்பி வந்தது. இரண்டு முறை திரும்பி வந்ததும் தாசில்தார்களிடம் கேட்பதை விட்டுவிட்டேன்.

பேரிடர் ஆய்வுத் துறையின் முதல் முறையான ஆய்வு என்று சாமுவேல் ஹென்றி பிரின்ஸ் எழுதியதைக் காட்டுவார்கள். 1917இல் கனடாவின் ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்தில் வெடிமருந்து ஏற்றிய கப்பல் வெடித்து நகரின் ஒரு பகுதியே தரைமட்டமானது. அதைப் பற்றி அவர் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் செய்த ஆய்வு 1920இல் வெளியானது. பிரின்ஸ் அந்த ஊரிலேயே பாதிரியாராக இருந்தவர். நிவாரண வேலையில் நின்றவர். அதற்குப் பிறகு எழுதியவர். ஆண்டுதோறும் முதல் வகுப்பில் அவர் பெயரைக் கரும்பலகையில் எழுதுவேன். அவர் அந்த ஊர்க்காரர் என்ற இடம் வந்தால் மட்டும் சற்று வேகமாகத் தாண்டிவிடுவேன். மாணவர்களில் யாராவது ‘நீங்க சார்?’ என்று கேட்டுவிடக் கூடாதே.

2010இல் யுஜிசி ஏபிஐ மதிப்பெண் முறையைக் கொண்டுவந்த பிறகு எனக்கு நிற்க நேரமில்லை. புத்தகத்துக்கு இத்தனை, கட்டுரைக்கு இத்தனை, பன்னாட்டுக் கருத்தரங்குக்கு இத்தனை. கண்டறிந்ததைத் திரும்பப் போய் ஊர்க்காரர்களிடம் சொன்னதற்கு மதிப்பெண் கிடையாது. இதைச் சாக்காகச் சொல்லவில்லை என்று எழுத வந்தேன். சாக்குத்தான். மதிப்பெண் இல்லாமலும் அதைச் செய்தவர்கள் எங்கள் துறையில் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் இணைப் பேராசிரியராகவே ஓய்வு பெற்றார். அவருக்குப் பதவி உயர்வு மறுத்த குழுவில் நானும் ஓர் உறுப்பினர்.

பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005 டிசம்பரில் நிறைவேறியது. ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு திட்டம் வேண்டும் என்கிறது அதன் 31ஆவது பிரிவு. ஒரு மாவட்டத்துக்கு அதைத் தயாரிக்க என்னை ஆலோசகராக அழைத்தார்கள். மாவட்டத்தின் பெயர் வேண்டாம், தவறு என்னுடையது. கடலோர மாவட்டம் ஒன்றுக்கு முன்பே செய்த திட்டம் என்னிடம் இருந்தது. ஊர்ப் பெயர்களை மாற்றினால் போதும் என்று மாணவர்களிடம் கொடுத்துவிட்டேன். அச்சாகி, பைண்டிங் ஆகி வந்தபின் கலெக்டர் ஆபீஸ் உதவியாளர் ஒருவர் தனியாகக் கூப்பிட்டு, “சார், சுனாமி எச்சரிக்கை வந்தா கடலோர மக்களை மேட்டுக்குக் கொண்டுபோகணும்னு போட்டிருக்கு. நம்ம மாவட்டத்துல கடல் எங்க சார் இருக்கு?” என்றார். இருவரும் சிரித்தோம். அந்தப் பக்கங்களை எடுத்துவிட்டு மறுபடி பைண்டிங் செய்தார்கள்.

சிரிக்க முடியாத பகுதி பின்னிணைப்பில் இருந்தது. பரிசல் வைத்திருப்பவர், ஜேசிபி உரிமையாளர், நன்றாக நீந்தத் தெரிந்தவர், கல்யாண மண்டபச் சாவி வைத்திருப்பவர் என்று தொலைபேசி எண்களின் பட்டியல். ஒரு மாவட்டத் திட்டத்தின் உயிர் அந்தச் சில பக்கங்களில்தான் இருக்கிறது, மற்றதெல்லாம் அலங்காரம். ஊர் ஊராக விஏஓக்களிடம் கேட்டு வாங்க வேண்டிய பட்டியல் அது. கெடு நெருங்கியதால் ஒரு பழைய கோப்பிலிருந்து அப்படியே எடுத்துப் போட்டோம்.

சில ஆண்டுகள் கழித்து வருவாய்த் துறை அலுவலர்களுக்கான ஒரு பயிற்சி வகுப்பில் பேசிக்கொண்டிருந்தேன். ‘திட்டமிடலின் முக்கியத்துவம்’ என்பது தலைப்பு. ஒரு வருவாய் ஆய்வாளர் எழுந்தார். ஆற்றில் வெள்ளம் ஏறிய ராத்திரியில் திட்டப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வோர் எண்ணாக அழைத்தாராம். ஒன்று உபயோகத்தில் இல்லை. ஒன்றை எடுத்தவர் கோயம்புத்தூரில் துணிக்கடை வைத்திருப்பவர். பரிசல்காரர் என்று போட்டிருந்த எண்ணை அவர் மகன் எடுத்து, “அப்பா தவறி மூணு வருஷமாச்சுங்க, பரிசலையும் வித்துட்டோம்” என்றாராம். கடைசியில் தலையாரிதான் தனக்குத் தெரிந்த மீன்பிடிக்காரரை வீட்டில் போய் எழுப்பிக் கூட்டி வந்திருக்கிறார். உயிர்ச்சேதம் இல்லை. “அந்தப் புக்கை எழுதினவரு கையில கெடச்சா…” என்று ஆய்வாளர் நிறுத்தினார். வகுப்பு முழுக்கச் சிரித்தது. அவர் எந்த மாவட்டம் என்பது எனக்குத் தெரியும். எழுதினவர் யார் என்பது அவருக்குத் தெரியாது. “களத்தின் குரல் மிக முக்கியம், நன்றி” என்று சொல்லி அடுத்த ஸ்லைடுக்குப் போனேன்.

2015 மார்ச்சில் ஜப்பானின் செண்டாய் நகரில் ஐநாவின் பேரிடர் குறைப்பு மாநாடு நடந்தது. போய் வந்தேன், 2030 வரைக்குமான செண்டாய் செயல்திட்டத்தைப் பற்றி ஊர் ஊராகப் பேசினேன். அதே ஆண்டு டிசம்பர் 1 இரவு செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி தண்ணீர் அடையாற்றில் இறங்கியது. சைதாப்பேட்டை, ஜாபர்கான்பேட்டை, கோட்டூர்புரம் எல்லாம் மூழ்கின. அந்த வாரம் ஒரு தொலைக்காட்சி விவாதத்தில் என்னை உட்கார வைத்தார்கள். நெறியாளர் நேராகக் கேட்டார்: ஏரியை முன்கூட்டியே ஏன் திறக்கவில்லை, பொறியாளர்கள் மேலிட உத்தரவுக்குக் காத்திருந்தார்களா?

அவசரக் காலத்தில் முடிவெடுக்கும் அதிகாரம் எந்தப் படியில் இருக்க வேண்டும் என்பதுதான் நான் வாழ்நாளெல்லாம் பாடம் நடத்திய விஷயம். அதுவரை வந்த வானிலை முன்னறிவிப்பையும் ஏரியின் அன்றாட நீர்மட்டத்தையும் வெளியிடுங்கள், மதகைத் திறக்க யாருக்கு அதிகாரம் என்பதைச் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கலாம். யாரையும் குற்றம் சாட்டாமலே கேட்டிருக்க முடியும். அன்றைக்கு என் ஆய்வுத் திட்டம் ஒன்று அரசின் நிதி ஒப்புதலுக்காகக் காத்திருந்தது. நான் காலநிலை மாற்றம் பற்றிப் பேசினேன். எல் நினோ பற்றிப் பேசினேன். காலநிலை மாற்றம் என்று சொன்னால் யாருக்கும் கோபம் வராது. 2018இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை அந்த வெள்ளத்தை மனிதர்களால் நேர்ந்த பேரிடர் என்றது. அறிக்கை வந்த பிறகு அதை மேற்கோள் காட்டி ஒரு காரசாரமான கட்டுரை எழுதினேன். அதற்குள் என் நிதி முழுவதும் வந்து சேர்ந்திருந்தது.

ஒக்கி, கஜா புயல்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். 2017 நவம்பர் 30 அன்று கன்னியாகுமரிக் கடலில் ஒக்கி புயலாக வலுத்தபோது, தூத்தூர், வள்ளவிளை போன்ற ஊர்களின் ஆழ்கடல் மீனவர்கள் கரையை விட்டு எத்தனையோ நாள் ஆகியிருந்தது. ‘கடலுக்குப் போக வேண்டாம்’ என்ற எச்சரிக்கை ஏற்கெனவே போனவர்களுக்கு எப்படிப் போய்ச் சேரும்? முன்னெச்சரிக்கை பற்றிய என் பாடத்தில் செயற்கைக்கோளிலிருந்து கிராமம் வரைக்கும் அம்புக்குறிகள் இருந்தன. படகு இல்லை.

2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் பக்கம் கஜா கரையைக் கடந்தது. முன்கூட்டியே பெருந்திரளான மக்களை முகாம்களுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். உண்மையிலேயே பெரிய வேலை. அதைப் பாராட்டி உடனே ஒரு நாளிதழில் எழுதினேன். உயிரிழப்பைக் குறைப்பதே நிர்வாகத்தின் வெற்றி, 1999 பெரும்புயலுக்குப் பிறகு ஒடிசா கற்றதை நாமும் கற்றோம் என்று. இரண்டு நாள் கழித்துப் பட்டுக்கோட்டைப் பக்கம் விஏஓவாக இருக்கும் என் பழைய மாணவர் அழைத்தார். “சார், நீங்க எழுதினதைப் படிச்சேன். எங்க ஊர்ல யாரும் சாகலைங்கறது நிஜம் சார். ஆனா தோப்புல ஒரு மரம் நிக்கல. இனிமே என்னத்துக்கு உசுரோட இருக்கணும்னு கேக்கறாங்க. நீங்க நடத்தினதுல இதுக்கு எந்தப் பாடம் சார்?” அரசு அறிவித்த உதவி, விழுந்த தென்னையை வெட்டி அகற்றும் செலவையும் சேர்த்து, மரத்துக்கு 1,100 ரூபாய். புதுக் கன்று காய்க்க ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். என்னிடம் பாடம் இல்லை.

அவர் இன்னொன்றும் சொன்னார். “பிரசிடெண்ட்டும் இல்ல, வார்டு மெம்பரும் இல்ல. பழைய பிரசிடெண்ட்தான் பழக்கத்துல ஓடியாடிப் பண்றாரு. ஒரு பேப்பர்ல கையெழுத்துப் போட முடியல சார் அவரால.”

அது எனக்குத் தெரிந்த விஷயந்தான். 2016 அக்டோபரில் உள்ளாட்சி அமைப்புகளின் பதவிக்காலம் முடிந்தது. ஊரகத் தேர்தல் 2019 டிசம்பர் வரை நடக்கவில்லை. ஒக்கியின்போதும் கஜாவின்போதும் தமிழ்நாட்டில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர் என்று ஒருவர்கூட இல்லை. தனி அலுவலர்கள் இருந்தார்கள். பேரிடர் சட்டத்தின் 25ஆவது பிரிவோ, மாவட்ட ஆணையத்துக்குக் கலெக்டரைத் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சிப் பிரதிநிதியை இணைத் தலைவராகவும் வைத்திருக்கிறது. அந்த இணைத் தலைவர் நாற்காலி அப்போது எல்லா மாவட்டங்களிலும் காலி. எந்த வீட்டில் படுத்த படுக்கையாக ஒரு கிழவி இருக்கிறாள், எந்தத் தெருவுக்கு ஜெனரேட்டர் முதலில் போக வேண்டும், எந்தத் தெரு எப்போதும் கடைசியில் நிற்கிறது என்று அறிந்து, தவறினால் அடுத்த தேர்தலில் பதில் சொல்ல வேண்டிய ஆள் வார்டு உறுப்பினர். அந்த அடுக்கே இல்லாமல் ஒரு மாநிலம் இரண்டு புயல்களைச் சந்தித்தது.

பஞ்சாயத்து ராஜ் படித்து, பேரிடர் நிர்வாகத்துக்கு வந்தவன் நான். இந்த இரண்டும் சந்தித்த இடத்தில் எழுத என்னைவிடத் தகுதியான ஆள் அன்று அதிகம் இல்லை. ஒரு வரி எழுதவில்லை. ஒரு துணைவேந்தர் பதவிக்கு அப்போது விண்ணப்பித்திருந்தேன். கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் இதை எழுதியிருப்பேனா என்றால், மாட்டேன்.

பேரிடர் நிர்வாகம் இந்தியாவுக்கு 2005இல் வந்ததைப் போல வகுப்பெடுத்ததும் என் பிழைதான். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைத் தின்ற தாது வருடப் பஞ்சத்துக்குப் பிறகு 1880இல் பஞ்ச ஆணையம் அறிக்கை தந்தது. அதிலிருந்து பஞ்ச விதித்தொகுப்புகள் பிறந்தன. தானிய விலை ஏறுகிறதா, ஜனங்கள் ஊரைவிட்டு அலைகிறார்களா, சில்லறைத் திருட்டு கூடுகிறதா என்று மாவட்ட அதிகாரிகள் கவனிக்க வேண்டும். சோதனை வேலைகளைத் திறந்து பார்க்க வேண்டும். காலனி அரசின் கஞ்சத்தனம் அதில் பக்கத்துக்குப் பக்கம் உண்டு. கூலியை எவ்வளவு குறைக்கலாம் என்பதே அவர்கள் கவலை. ஆனாலும் எதைப் பார்த்தால் என்ன செய்வது என்று உள்ளூர் அதிகாரிக்கு எழுதிக் கொடுத்திருந்தார்கள். அதை நான் ‘வரலாற்றுப் பின்னணி’ என்று ஒரே ஸ்லைடில் முடித்துவிட்டு ஃபீமாவுக்கு ஓடினேன்.

என்னிடம் படித்தவர்களில் நல்ல அதிகாரிகள் உண்டு. அது அவர்கள் கெட்டிக்காரத்தனம். நான் எழுதியவற்றில் ஓரிரு கட்டுரைகள் யோக்கியமானவை. அவை அதிகம் மேற்கோள் காட்டப்படவில்லை.

இதைப் படிப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் மாவட்டத்தின் பேரிடர் மேலாண்மைத் திட்டத்தைத் தேடி எடுங்கள். மாவட்ட நிர்வாகத்தின் இணையதளத்தில் இல்லாவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். முன்னுரையைப் படிக்காதீர்கள், என்னைப் போன்ற ஒருவர் எழுதியிருப்பார். நேராகப் பின்னிணைப்புக்குப் போய் உங்கள் ஊரின் பெயருக்கு நேரே இருக்கும் எண்களை ஒவ்வொன்றாக அழைத்துப் பாருங்கள். தவறான எண்களைக் குறித்துக்கொண்டு திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் கலெக்டரிடம் மனுவாகக் கொடுத்து, மறக்காமல் ரசீது வாங்குங்கள். திட்டத்தை ஆண்டுதோறும் திருத்த வேண்டும் என்று அதே 31ஆவது பிரிவு சொல்கிறது.